உரிமத் துப்பாக்கியை நேரடியாக விற்பது எப்படி, இழுத்தடிக்கும் ஆட்களை என்ன செய்வது?

கேள்வியின் சாரம் இது. தோட்டக் காவலுக்கு வாங்கிய 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) டபுள் பேரல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. உரிமம் கேட்பவர் பெயரிலேயே நடப்பில் உள்ளது. தோட்டம் கைமாறிவிட்டதால் துப்பாக்கியும் இனி தேவையில்லை. வாங்குகிறேன் என்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்துவிட்டு இரண்டு மாதமாகப் போனை எடுப்பதில்லை. இன்னொருவர் "லைசென்ஸ் வந்துடும், எனக்கே வச்சிருங்க" என்கிறார். மூன்றாமவர் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் தருவதாகச் சொல்கிறார். இவர்களை என்ன செய்வது, சட்டப்படி எப்படி விற்பது?

மூன்றாமவரிடம் "முடியாது" என்று இன்றே சொல்லிவிடுங்கள். ஆயுதச் சட்டம் 1959-இன் 3-ஆம் பிரிவுப்படி, உங்கள் துப்பாக்கியை உரிமம் இல்லாத இன்னொருவர் சுமக்க ஒரே ஒரு சலுகைதான் இருக்கிறது: நீங்கள் உடன் இருக்க வேண்டும், அல்லது நீங்கள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். "வைத்துப் பார்ப்பது" இதில் எதிலும் வராது. அவரிடம் உரிமம் இருந்தாலும் உங்கள் துப்பாக்கி அதில் ஏறியிருக்காது. அந்த ஒரு வாரத்தில் எங்காவது சோதனையில் சிக்கினால் அவரோடு நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

மற்ற இருவர் விஷயத்துக்கு முன், சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். யாரோடு எந்தக் கட்டத்தில் எவ்வளவு தூரம் போவது என்பது அதிலிருந்துதான் வருகிறது.

தனியார் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க வணிக உரிமம் தேவையில்லை. 5-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆனால் மூன்று நிபந்தனைகள். வாங்குபவர் அந்த ஆயுதத்தை வைத்திருக்கச் சட்டப்படி தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். விற்கப்போகும் செய்தியையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ (நம் ஊரில் கலெக்டர்) அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு 45 நாட்களாவது கழிய வேண்டும். அதற்கு முன் துப்பாக்கி கைமாறக் கூடாது. தெரிவிக்காமல் விற்றாலோ 45 நாளுக்கு முன் கொடுத்தாலோ 25-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இது சின்னத் தண்டனையாகத் தெரியலாம். தகுதியே இல்லாத ஆளுக்கு விற்பது வேறு கணக்கு. அது 5-ஆம் பிரிவையே மீறிய விற்பனையாகிறது. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். "எனக்குத் தெரியாது, லைசென்ஸ் இருக்குன்னு சொன்னார்" என்பதும் நிற்காது. கொடுக்கும் முன் எதிராளியின் தகுதியைச் சரிபார்க்காமல் ஒப்படைப்பதை 29-ஆம் பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

இப்போது அந்த 45 நாளைக் கவனியுங்கள். கடிதத்தில் நீங்கள் ஒரு பெயரை எழுதுகிறீர்கள். அந்த ஆள் பின்வாங்கினால் அடுத்தவர் பெயரோடு புதுக் கடிதம், புது 45 நாள். அதற்கு மேல் கலெக்டர் அலுவலகத்திலிருந்து காவல்துறை அறிக்கைக்குப் போய்த் திரும்பும் நேரம் வேறு. ஒரு நம்பகமற்ற ஆளால் உங்களுக்கு நஷ்டமாவது இரண்டு, மூன்று மாதம். பைக் விற்பதிலும் கார் விற்பதிலும் இந்தச் சிக்கல் கிடையாது. ஒருவர் ஏமாற்றினால் மறுநாளே அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். அதனால் வடிகட்டுவதெல்லாம் கடிதம் போவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆளை எடைபோட்டுப் பயனில்லை.

வடிகட்ட மூன்று கேள்வி போதும், போனிலேயே கேட்டுவிடலாம். "உங்க லைசென்ஸ் எந்த மாவட்டம், எந்தத் தேதி வரைக்கும்? அதுல இப்ப எத்தனை ஆயுதம் ஏறியிருக்கு? காலியா இருக்கிற இடத்துல என்ன வகைன்னு எழுதியிருக்கு?" உண்மையான உரிமதாரர் இந்த மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்வார். உரிமப் புத்தகம் அவர் அலமாரியில் இருக்கும், பார்த்துச் சொல்ல இரண்டு நிமிடம். சுற்றி வளைப்பவர், "அதெல்லாம் பாத்துக்கலாம், விலையைச் சொல்லுங்க" என்பவர், நேரில் பேசலாம் என்று தள்ளுபவர் ஆகியோரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். விலையைப் பற்றியே முதலில் பேசும் ஆளைவிடத் தன் உரிமத்தைப் பற்றி முதலில் பேசும் ஆள் மேல்.

மூன்றாவது கேள்விதான் பலருக்குப் புரிவதில்லை. உரிமம் என்பது பொதுவாகத் துப்பாக்கி வாங்கும் சீட்டு அல்ல. எந்த வகை, எந்த போர் என்று அதில் எழுதியிருக்கும். .32 ரிவால்வருக்கு அனுமதி பெற்றவர் அதே இடத்தில் உங்கள் 12 போர் துப்பாக்கியை ஏற்ற முடியாது. முதலில் வகை மாற்றத்துக்கு அவர் மனுச் செய்ய வேண்டும். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர் இரண்டாவது வாங்க, கூடுதல் ஆயுதத்துக்கான அனுமதி புத்தகத்தில் இருக்க வேண்டும். இரண்டு வைத்திருப்பவர் உங்களுக்கு வாங்குபவரே அல்ல. முன்பு ஒருவருக்கு மூன்று வரை இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்துவிட்டது. பழைய துப்பாக்கிச் சந்தை மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணம்: மூன்றாவதை விற்க வேண்டியவர்கள் கூடினார்கள், வாங்க இடம் உள்ளவர்கள் குறைந்தார்கள். புது உரிமம் என்றால் ஆயுதம் வாங்கி முடிக்க ஒரு காலக்கெடுவும் அதில் இருக்கும். உங்கள் 45 நாளும் அலுவலக நேரமும் சேர்ந்து அந்தக் கெடுவைத் தாண்டுமானால், அவர் நீட்டிப்பு வாங்கிவரட்டும், பிறகு பேசலாம்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது ஆள் வருகிறார். "லைசென்ஸ் வந்துடும்" என்பவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே மனு நிலுவையில் இருக்கலாம். ஆனால் நிலுவை மனு தகுதி ஆகாது. மனு நிராகரிக்கப்படலாம், ஒரு வருடமும் ஆகலாம். அவர் பெயரில் கடிதம் கொடுத்துப் பயனில்லை, முன்பணம் வாங்குவதும் வீண் வம்பு. "உரிமம் கையில் வந்த அன்று கூப்பிடுங்கள், அதுவரை இருந்தால் உங்களுக்கே" என்று சொல்லி வேறு ஆளைப் பாருங்கள்.

போனில் தேறியவரிடம் உரிமத்தின் எல்லாப் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். முதல் பக்கம் மட்டும் அனுப்பினால் ஏற்காதீர்கள். ஆயுதம் ஏறிய பக்கம், புதுப்பித்த பக்கம், செல்லுபடியாகும் பரப்பு எழுதிய பக்கம் ஆகியவற்றில்தான் விஷயம் இருக்கிறது. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் கொடுக்கப்பட்ட தனி அடையாள எண் அதில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாத பழைய கையெழுத்துப் புத்தகம் என்றால் மேற்கொண்டு போகாதீர்கள். பரப்பு என்பது மாவட்டமா, மாநிலமா, இந்தியா முழுதுமா என்பதையும் பாருங்கள். வேறு மாநிலத்தில் வாங்கிய உரிமத்தோடு வருபவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும். 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுத உரிமங்கள் கொடுக்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்குப் பதிந்து விசாரித்தது. முத்திரையும் கையெழுத்தும் அசலாகவே இருந்தாலும் உரிமம் முறைகேடாக வந்ததாக இருக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி. நகலைப் பார்த்து உண்மையா பொய்யா என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் வேண்டாம். அவர் உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து உறுதிக்கடிதமோ என்.ஓ.சி.யோ (தடையில்லாச் சான்று) அவரே வாங்கி வரட்டும். உண்மையான ஆள் முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வருவார். மற்றவர் அதோடு காணாமல் போய்விடுவார்.

உங்கள் உரிமத்தின் நகலை அவர் கேட்டால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். குறுக்கே "இன்னாருக்கு விற்பனை விசாரணைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். துப்பாக்கிப் படங்களில் வரிசை எண் தெரிய வேண்டாம். போலி உரிமம் தயாரிப்பவருக்கு ஓர் அசல் எண்ணும் ஓர் அசல் புத்தகப் பக்கமும் கிடைத்தால் போதும்.

வரிசை எண் என்றதும், ஆள் தேடுவதற்கு முன்பே உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. துப்பாக்கியை வெறுமையாக்கி, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்து, குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகப் பிரியுங்கள். இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் எண் பெரும்பாலும் குழலின் அடிப்பகுதித் தட்டையிலும் ஆக்‌ஷனிலும் (குழல் வந்து பூட்டும் இயந்திரப் பகுதி) பொறித்திருக்கும், முன்கட்டை இரும்பிலும் பல நேரம் இருக்கும். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் எண் தெளிவாக விழும். அதை உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் எழுத்தர் கையால் எழுதியதில் 3 என்பது 8 ஆகியிருக்கும், 1 என்பது 7 ஆகியிருக்கும், எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து விடுபட்டிருக்கும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே பிழை அப்படியே நகலாகி வந்திருக்கும். விற்பனைக் கோப்பு காவல் நிலையத்துக்குப் போய் அங்கே ஒருவர் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் இது வெளிப்படும். அந்த நேரத்தில் "இது வேறு துப்பாக்கியோ" என்ற சந்தேகம்தான் முதலில் எழும். முன்கூட்டியே பென்சில் பிரதியையும் வாங்கிய ரசீதையும் இணைத்துத் திருத்த மனு கொடுத்தால் அது வெறும் எழுத்துப்பிழை, அவ்வளவுதான். எண்ணே இல்லாத துப்பாக்கியை விற்பதை 8-ஆம் பிரிவு தடுக்கிறது. தேய்ந்த எண்ணை நீங்களே மறுபடி பொறிக்கப் போகாதீர்கள், அதுவும் குற்றம்.

போர் வகையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 12 போர், .22, .315 ரைபிள், .32 ரிவால்வர், பிஸ்டல் எல்லாம் தடை செய்யப்படாத வகை. .303 ரைபிள், 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை தடை செய்யப்பட்ட போர். அவற்றுக்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகம் கொடுப்பது. பாட்டனார் காலத்து .303 வைத்திருப்பவர் சாதாரண உரிமதாரர்களிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விலை பற்றி. இந்தியத் தொழிற்சாலைத் துப்பாக்கி என்றால் அதே வகையின் இன்றைய புது விலைதான் உச்சவரம்பு. அதிலிருந்து நிலைமைக்கேற்பக் கீழே இறங்கும். வெளிநாட்டுத் துப்பாக்கிகள், குறிப்பாக ரிவால்வரும் பிஸ்டலும், இந்தக் கணக்கில் வராது. 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி அடைபட்டதால் உள்ளே இருப்பவற்றுக்குள்தான் சுற்று, அதனால் விலை ஏறிக்கிடக்கிறது. அந்தப் பெயரை வைத்துச் சாதாரண இங்கிலாந்து டபுள் பேரலுக்கும் வானத்து விலை சொல்வோர் உண்டு. வாங்குபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் சில இடங்களை நேராகப் பார்ப்பார். குழலை மூடிய நிலையில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டினால் குழல் அசைகிறதா? வெளிச்சத்தில் பிடித்தால் குழலின் பின்முகத்துக்கும் ஆக்‌ஷனுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிகிறதா? தெரிந்தால் பூட்டு தளர்ந்துவிட்டது, விலை பாதியாகும். குழலின் உள்ளே கரும்புள்ளி அரிப்பு, வெளியே நெளிவு, கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல், இரு குழலுக்கும் நடுவே ஓடும் ரிப் விட்டிருப்பது எல்லாம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டியவை. எழுத்தில் சொன்ன குறை பேரத்தில் கொஞ்சம் குறைக்கும். மறைத்த குறை 45-ஆவது நாளில் வெளிப்பட்டால் அதையே சாக்காக வைத்து ஆள் கழன்றுகொள்வார், தப்பும் உங்கள் பக்கம் போய்விடும்.

சேம்பர் (குழலில் தோட்டா அமரும் அறை) நீளம் மட்டும் பேர விஷயம் அல்ல, பாதுகாப்பு விஷயம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பல 65 மி.மீ. தோட்டாவுக்கானவை. இன்று கடையில் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டாவும் அதில் உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். குழலில் எந்த அளவு பொறித்திருக்கிறதோ அதை விற்பனைக் கடிதத்திலேயே எழுதுங்கள். சுருள் வடிவம் தெரியும் டமாஸ்கஸ் குழலாக இருந்து, நைட்ரோ புரூஃப் முத்திரை (புகையில்லா நவீன வெடிமருந்தைத் தாங்கும் என்று சோதித்த அடையாளம்) இல்லாவிட்டால், நவீனத் தோட்டா போடக் கூடாது என்றும் எழுதுங்கள்.

துப்பாக்கியைக் காட்டுவது வீட்டில் வேண்டாம். முகம் தெரியாத ஆளுக்கு வீட்டில் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது நல்லதல்ல. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் வைப்புக் கட்டணம் கட்டி ஒப்படைத்து, ரசீதும் வாங்கிக்கொண்டு, அங்கேயே பார்க்கச் சொல்லலாம். கடைக்காரர் கண்ணில் பட வேண்டும் என்றதுமே பாதிப் போலிகள் வரமாட்டார்கள். தோட்டாக்களை அங்கே எடுத்துப்போக வேண்டியதில்லை. சுட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், ரைபிள் கிளப் ரேஞ்சில் அவர்கள் அனுமதித்தால், உங்கள் கண்முன் மட்டும். தோட்டத்திலோ கரட்டிலோ "ஒரே ஒரு ரவுண்டு" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இனி பணம். ஏமாற்று இரண்டு பக்கமும் நடக்கிறது, ஆனால் விற்பவருக்கு வரும் வலை பெரும்பாலும் ஒரே மாதிரி. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார்கள், அடையாள அட்டைப் படம் வரும், பேரமே பேசாமல் சொன்ன விலைக்கு ஒப்புக்கொள்வார்கள். பிறகு பணம் அனுப்ப ஒரு கியூஆர் கோடு வரும், அதை ஸ்கேன் செய்து யு.பி.ஐ. பின் போடச் சொல்வார்கள். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதில்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். இன்னொன்று, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். அதைக் கண்டுகொள்ளாமல் உங்கள் வங்கிச் செயலியில் இருப்பு கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறும் வரை துப்பாக்கி நகரக் கூடாது. ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். சிறு தொகையாக இருந்தாலும் வங்கி வழியே வாங்குங்கள். நாளைக்கு யார் யாருக்கு விற்றார் என்று கேள்வி வந்தால் அந்தப் பதிவு பேசும்.

முன்பணம் 5,000 என்பது உங்கள் முதல் ஆளை எந்த விதத்திலும் கட்டவில்லை. விட்டுவிட்டுப் போகத் தயங்காத தொகை அது. விலையில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் ஆள் போனை எடுப்பார். ஆனால் வெறும் தொகையைப் பெரிதாக்கிப் பயனில்லை, எதற்காக வாங்குகிறீர்கள் என்பது முத்திரைத்தாளில் இருக்க வேண்டும். அதில் வர வேண்டியவை: இருவர் பெயர், முகவரி, உரிம எண், தனி அடையாள எண், துப்பாக்கியின் தயாரிப்பு, வகை, போர், வரிசை எண், சொல்லப்பட்ட குறைகள், மொத்த விலை, முன்பணம், மீதி செலுத்தும் நாள். அதற்குப் பிறகு மூன்று "ஆனால்". அதிகாரி அனுமதி மறுத்தால் முழு முன்பணமும் இத்தனை நாளுக்குள் திரும்பும். விற்பவர் பின்வாங்கினாலும் அப்படியே. அனுமதி வந்து தெரிவித்த பிறகு வாங்குபவர் 15 நாளுக்குள் மீதியைக் கட்டி எடுத்துக்கொள்ளாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணத்தில் இன்ன தொகை விற்பவருக்கு. அந்தத் தொகை நியாயமாக இருக்கட்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் நியாயமான இழப்பீடுதான் நிற்கும், மொத்தத்தையும் விழுங்கும் ஷரத்து நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம்.

முதல் ஆளுக்கு இப்போது செய்ய வேண்டியது: ஒப்புகையோடு விரைவுத் தபாலில் ஒரு கடிதம். "இன்ன தேதியில் 5,000 பெற்றேன், 15 நாளுக்குள் உரிம நகலோடு வந்து ஒப்பந்தம் எழுதாவிட்டால் இந்தப் பேச்சு முடிந்ததாகக் கருதுவேன்" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாததால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல். 5,000 ரூபாய்க்கு ஒரு புகார் மனு வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே அவர் பெயரில் விற்பனைக் கடிதம் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுவதாக அதே அலுவலகத்துக்கு எழுதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே துப்பாக்கிக்கு இரண்டு வாங்குபவர் பெயர் கோப்பில் கிடக்கும்.

எதற்கும் ஆள் வீட்டுக்குப் போய்க் கத்தாதீர்கள், போனில் மிரட்டும் தொனியும் வேண்டாம். நீங்கள் துப்பாக்கி உரிமதாரர். "துப்பாக்கி வைத்திருப்பவர் மிரட்டுகிறார்" என்று ஒரு வரிப் புகார் போதும், 17-ஆம் பிரிவில் உங்கள் உரிமத்தை இடைநிறுத்தவோ ரத்து செய்யவோ அதிகாரி தொடங்கலாம். விற்க வேண்டிய துப்பாக்கி காவல் நிலையத்தில் போய் உட்காரும். பணத் தகராறில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நஷ்டம் உங்களுக்கே வரும் இடம் இது.

இனி அந்தக் கடிதம். சட்டம் கலெக்டர் அல்லது காவல் நிலையம் என்கிறது, இரண்டுக்கும் கொடுங்கள். சென்னை போன்ற காவல் ஆணையரகப் பகுதிகளில் உரிம அதிகாரி ஆணையர், அங்கே அவருக்கு. வாசகம் நீளமாக வேண்டாம்: "என் பெயரில் உள்ள இன்ன எண் உரிமத்தில் ஏறியுள்ள, இன்ன தயாரிப்பு, 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, வரிசை எண் இது, இதை இன்ன முகவரியில் வசிக்கும், இன்ன எண் உரிமம் உடைய இன்னாருக்கு விற்க உத்தேசித்துள்ளேன். ஆயுதச் சட்டம் பிரிவு 5(2)-இன்படி இதைத் தெரிவிக்கிறேன். விற்பனைக்கு அனுமதி வழங்கக் கோருகிறேன்." இணைப்பாக இருவர் உரிம நகல், அடையாள நகல், ஒப்பந்த நகல். இரண்டு பிரதி எடுத்துப்போய்த் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் வட்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 45 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. 45 நாள் முடிந்ததும் தானாக விற்றுவிடலாம் என்று சட்ட வாசகத்தைப் படித்துச் சிலர் சொல்வார்கள். நடைமுறையில் எழுத்து அனுமதி இல்லாமல் வாங்குபவரின் உரிமத்தில் யாரும் ஏற்றித்தர மாட்டார்கள். ஏற்றாத துப்பாக்கியைக் கொடுத்து என்ன ஆகும்? அனுமதிக்குக் காத்திருங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் வரிசை கொஞ்சம் மாறும். யார் உரிமத்தில் முதலில் குறிப்பு, துப்பாக்கியை நேரில் காட்ட வேண்டுமா என்பதையெல்லாம் அந்தப் பிரிவு எழுத்தரிடம் கடிதம் கொடுக்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

தேர்தல் அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடத்தை விதி வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும், அந்த வாரங்களில் விற்பனைக் கோப்பு நகராது. ஒப்பந்தத்தில் "தேர்தல் காலம் நாள் கணக்கில் சேராது" என்று ஒரு வரி இருந்தால் இரு பக்கமும் நிம்மதி.

கைமாற்றும் நாளில் இடம் துப்பாக்கிக் கடை, அல்லது காவல் நிலையம். அசல் உரிமம் இருவரிடமும், அனுமதி ஆணை, ஒப்பந்தம். முதலில் மீதிப் பணம் வங்கியில் ஏறட்டும். பிறகு எண்ணை இருவரும் பார்த்து, விற்பனைக் கடிதத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்று மாலை அந்தத் துப்பாக்கியால் ஏதாவது நடந்தால் அது யார் கையில் இருந்தது என்பதற்கு அந்த நேரம்தான் ஆதாரம். வாங்குபவரின் உரிமப் பக்கமும் துப்பாக்கி எண்ணும் ஒரே படத்தில் தெரிய ஒரு புகைப்படம் எடுங்கள். அவர் ஊருக்குக் கொண்டுபோகும்போது உரிமம், அனுமதி நகல், விற்பனைக் கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும், துப்பாக்கி பிரித்து உறையில் இருக்க வேண்டும். கூரியர், பார்சல் லாரி, பஸ்ஸில் போட்டுவிடுவது எதுவும் கிடையாது. "நான் வர முடியாது, டிரைவரை அனுப்புறேன்" என்றால், வர முடிகிற நாளில் அவரே வரட்டும்.

மீந்த தோட்டாக்களைச் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால் அவையும் கடிதத்திலும் அனுமதியிலும் எண்ணிக்கையோடு வர வேண்டும், அவர் உரிமத்தில் உள்ள அளவுக்குள் இருக்க வேண்டும். அட்டை உறை ஊதிப்போனவை, பித்தளையில் பச்சை பிடித்தவை யாருக்கும் வேண்டாம். கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் உரிமம் பெற்ற வணிகரிடமே விற்றுவிடலாம். விலை குறையும், பல நேரம் நன்றாகவே குறையும். ஆனால் தகுதி சரிபார்ப்பும் இழுத்தடிப்பும் ஆள் தேடுவதும் உங்கள் தலையில் இல்லை. சாதாரண இந்தியத் தயாரிப்பு டபுள் பேரலுக்கு, நேரடி விற்பனையில் கூடுதலாகக் கிடைக்கும் தொகை மூன்று மாத அலைச்சலுக்கு ஈடாகுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் ஆகாது. நல்ல நிலையில் உள்ள இங்கிலாந்துத் துப்பாக்கிக்கும் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்கும்தான் நேரடி விற்பனை நிச்சயமாக லாபம். நடுவில் கமிஷன் கேட்டு வரும், வணிக உரிமம் இல்லாத தரகர்களை மட்டும் சேர்க்காதீர்கள்.

விற்று முடித்ததும் உரிம அதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம், விற்பனைக் கடித நகலோடு: இன்ன தேதியில் ஒப்படைத்தேன், என் உரிமத்திலிருந்து இந்த ஆயுதத்தை நீக்குங்கள். அந்த நீக்கக் குறிப்பு புத்தகத்திலும் தரவுத்தளத்திலும் விழும் வரை விடாதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் சோம்பிவிடுகிறார்கள், அடுத்த தேர்தலில் "உங்கள் துப்பாக்கியை ஒப்படையுங்கள்" என்று நிலையத்திலிருந்து போன் வரும்போது ரசீதைத் தேடுகிறார்கள். உங்கள் உரிமத்தில் இருந்தது இந்த ஒரு துப்பாக்கிதான் என்றால், வேறு வாங்கும் எண்ணம் இல்லாத பட்சத்தில் அதே கடிதத்திலேயே உரிமத்தையும் சரணளித்துவிடுங்கள். முத்திரையிட்ட பிரதிகள், வங்கிப் பதிவு, பென்சில் பிரதி, புகைப்படம் எல்லாம் ஒரே கோப்பில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கட்டும்.